வீட்டை விற்று டாக்டர் படிப்பு வேண்டாம்

சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் ஏ-லெவல் முடித்துவிட்டாள். உள்ளூர் மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. "ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்கு மாறுங்கள், வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கலாம்" என்கிறார் பெரியப்பா. பெண்ணோ சமூகப் பணி படிக்கிறேன் என்கிறாள். "தர்ம காரியத்துக்குப் பட்டம் எதற்கு? அரசாங்க வேலையாவது கிடைக்குமா?" என்று வீட்டில் தினமும் இதே பேச்சாம்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வீட்டை விற்கும் பேச்சை இன்றோடு விடுங்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளின் பட்டியல் 2020இல் 160லிருந்து 103ஆகச் சுருங்கியது. பிறகு சில சேர்ந்தாலும் பட்டியல் பட்டியல்தான். அதில் இல்லாத கல்லூரியின் அடிப்படைப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே டாக்டராகப் பதிய முடியாது. சம்பளத்தில் பிடித்துச் சேரும் மத்திய சேமநிதியின் கல்விக் கடனும் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. அத்தனையும் ரொக்கம் அல்லது வங்கிக் கடன். இதெல்லாம் பெண் கேட்காத ஒரு படிப்புக்கு!

அரசாங்க வேலை பற்றி வீட்டில் சொல்வது ஊர்ப்பக்கத்துக் கணக்கு. இங்கே 1986க்குப் பிறகு சேர்ந்த பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. எல்லாருக்கும் போல மத்திய சேமநிதிதான். போனசும் பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும். 2020இல் அரசு ஊழியர்களுக்கு அரையாண்டு போனஸ் வரவில்லை. அதே ஆண்டு வேலை இழந்தவர்கள் கொவிட் உதவித்தொகைக்காக சமூகச் சேவை அலுவலகங்களை நாடினார்கள். பொருளாதாரம் சரியும்போது வேலைப்பளு கூடும் துறை சமூகப் பணி. மக்கள்தொகையும் மூப்படைகிறது: 2030இல் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார்.

உங்கள் பெண்ணுக்கு நான் சொல்வது மருத்துவச் சமூக ஊழியர் வேலை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுபவர் இவர். பக்கவாதம் வந்த ஒரு முதியவரை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். வீட்டில் யார் குளிப்பாட்டுவது? தாதிமை இல்லமா, பகல்நேரப் பராமரிப்பா, பணிப்பெண்ணா? காசு எங்கிருந்து வரும்?

குளிப்பது, உடுப்பது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்று முடியாவிட்டால்தான் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி பணம் தரும். அதிலும் எல்டர்ஷீல்டா, கேர்ஷீல்ட் லைஃபா என்று பார்க்க வேண்டும். முன்னது திட்டத்தைப் பொறுத்து மாதம் 300 வெள்ளி 5 ஆண்டுக்கு, அல்லது 400 வெள்ளி 6 ஆண்டுக்கு மட்டுமே. பின்னது இயலாமை நீடிக்கும்வரை வரும். அடுத்தது மானியத்துக்கான வருமானச் சோதனை: ஒரே முகவரியில் உள்ள குடும்பத்தாரின் மொத்த வருமானத்தைத் தலைக்கு வகுப்பார்கள். கல்யாணமாகிப் போன மகன் அடையாள அட்டையில் முகவரி மாற்றியிருக்க மாட்டார். அவர் சம்பளமும் கணக்கில் ஏறி, மானியம் குறைந்துவிடும். இந்த முடிச்சைக் கண்டுபிடித்து அவிழ்ப்பதுதான் இந்த வேலை. மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு போக மீதியைக் கட்ட முடியாதவருக்கு மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதும் இவரே. தமிழ் மட்டும் பேசும் பாட்டி, மகன் எதிரில் "எல்லாம் சரிதான்" என்று தலையாட்டுவார். தனியே தமிழில் கேட்டால் வேறு கதை வரும். சொல்லப்போனால், உங்கள் பெண்ணின் தமிழுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது.

தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியை முதன்மைப் பாடமாக எடுக்கலாம்; சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டமே உண்டு. தேசியப் பல்கலையில் களப்பயிற்சி இரண்டு கட்டம், ஒவ்வொன்றும் 400 மணி நேரம். இதில்தான் சிலர் திணறுவார்கள். நோயாளிக்குத் தன் கைக்காசைக் கொடுக்கும் பிள்ளை, இரவெல்லாம் அவர்களையே நினைத்து அழும் பிள்ளை, அறிக்கை எழுதச் சோம்பும் பிள்ளை, மூவருக்கும் சிரமம். பட்டத்தில் சேரும் முன்பே ஒரு குடும்பச் சேவை நிலையத்திலோ மூத்தோர் நிலையத்திலோ சில மாதம் தொண்டு செய்யட்டும். பிடிக்குமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். உளவியல் படித்தாலும் இதே வேலைதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சிபெற்ற உளவியலாளராக முதுகலை வேண்டும்.

சம்பளம் டாக்டரை எட்டாது, மறைக்கவில்லை. ஆனால் செலவும் எட்டாது. குடிமகள் என்றால் கல்விக் கட்டண மானியத்துக்கு வேலை ஒப்பந்தம் கிடையாது. அப்பாவின் மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை கல்விக் கடனாக எடுக்கலாம். பட்டம் பெற்று ஓராண்டு கழித்து மகள் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும், 12 ஆண்டு வரை அவகாசம். வட்டியும் உண்டு, அது அப்பாவின் கணக்குக்கே போகும். தேசியச் சமூகச் சேவை மன்றத்தின் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் ஒப்பந்தம் இருக்கும்; எத்தனை ஆண்டு என்று படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பம், முடிவுகள் வந்த சில வாரங்களிலேயே மூடிவிடும். முதல் தேர்வை அவளே நிரப்பட்டும். பெரியப்பாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.