கல்லூரி ஹாக்கி முடிந்த மகன்: முகாமுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

அமெரிக்காவில் நான்கு வருடம் கல்லூரி அணிக்கு ஐஸ் ஹாக்கி ஆடி, பொருளாதாரப் பட்டமும் வாங்கிவிட்டான் மகன். இப்போது, வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் மூன்றாம் படியான ஈசிஹெச்எல் லீக்கின் அணி ஒன்று அக்டோபர் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுகிறது. டொராண்டோவில் ஒரு வங்கி வேலையும் காத்திருக்கிறது. அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வந்திருப்பது எப்படிப்பட்ட அழைப்பு என்று முதலில் பாருங்கள்.

கோடையில் பல சிறிய அணிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு தேர்வு முகாம் நடத்துகின்றன. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம். அங்கிருந்தும் ஒருவர் இருவர் தேறுவது உண்டு, ஆனாலும் அதை வேலை வாய்ப்பு என்று நான் எண்ண மாட்டேன். சீசனுக்கு முந்தைய பிரதான முகாமுக்குப் பயிற்சியாளரே அழைத்து, ஒப்பந்தமோ சோதனை ஆட்டத்துக்கான தாளோ அனுப்பியிருந்தால் அது வேறு விஷயம். அப்போதும் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த மட்டத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. அணி நினைத்தால் நடு சீசனிலும் விடுவித்துவிடும்.

முகாமில் நடப்பதைப் பெற்றோர் பலர் கல்லூரித் தேர்வு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், நன்றாக ஆடினால் இடம் நிச்சயம் என்று. அப்படி இல்லை அம்மா. செப்டம்பரில், உச்ச லீக்கான என்ஹெச்எல்லின் முகாம்கள் தொடங்கும். அங்கே கழிக்கப்படுகிறவர்கள் அதற்கு அடுத்த கீழ்ப் படியான ஏஹெச்எல் லீக்கின் முகாமுக்கு வருவார்கள். அங்கும் இடம் கிடைக்காதவர்கள் அக்டோபரில் ஈசிஹெச்எல் முகாமில் வந்து இறங்குவார்கள். அவர்களில் பலர் மேல் அணிகளோடு ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ளவர்கள், அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் மகன் ஒரு வாரம் முழுக்கப் பிரமாதமாக ஆடியிருப்பான். கடைசி நாளில் மேலிருந்து இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் வந்துவிட்டால் அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதை அவன் திறமைக்குக் கிடைத்த தீர்ப்பாக வீட்டில் யாரும் பேசிவிடாதீர்கள். நவம்பரில் யாராவது காயப்பட்டாலோ, மேலே அழைக்கப்பட்டாலோ, பயிற்சியாளர் முதலில் போன் செய்வது முகாமில் பார்த்துப் பிடித்துப்போன பையனுக்குத்தான். அதனால் விடுவிக்கப்படும் நாளில் அவன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, "எந்த இடம் காலியானால் என்னைக் கூப்பிடுவீர்கள்?" என்பதை.

புதியவர்களுக்குச் சாதகமான விதி ஒன்றும் உண்டு. 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டிய அனுபவஸ்தர்கள், கோல்கீப்பர் நீங்கலாக, ஓர் ஈசிஹெச்எல் அணியில் நான்கு பேருக்கு மேல் இருக்க முடியாது. மீதி இடங்கள் உங்கள் மகனைப் போன்றவர்களுக்குத்தான். சம்பளம் மட்டும் குறைவு: புதியவருக்கு வாரத்துக்குச் சில நூறு டாலர், அதுவும் சீசன் மாதங்களுக்கு மட்டும். தங்க இடத்தை அணி தரும். 2025-26இல் என்ஹெச்எல் வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். அந்தத் தொகையை மனதில் வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள்.

மார்ட்டின் செயின்ட் லூயியின் பெயரை மகன் உங்களிடம் சொல்லியிருப்பான். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், என்ஹெச்எல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் அவரை எடுக்கவில்லை. 1997இல் ஒட்டாவாவின் என்ஹெச்எல் அணி முகாமில் ஆடிப் பார்த்தும் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2004இல் என்ஹெச்எல்லின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையும், சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பையும் அவர் கையில். உண்மைதான். ஆனால் அதே வெர்மான்ட் அணியின் கோல்கீப்பர் டிம் தாமஸின் கதையை நீங்கள் இருவரும் சேர்ந்து பேசுவது நல்லது என்று நினைக்கிறேன். அவர் ஈசிஹெச்எல்லில் தொடங்கி, பின்லாந்து வரை போய் ஆடி, என்ஹெச்எல்லில் நிலையான இடம் பிடித்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. 2011இல் பாஸ்டனுக்கு ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்தார். அவ்வளவு வருடம் காத்திருக்க மகனுக்கு விருப்பமா, வீட்டு நிலைமை இடம் கொடுக்குமா என்பதை இப்போதே பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் முதல் கெடு இரண்டு சீசன். அதற்குள் ஏஹெச்எல்லிலிருந்து ஓர் அழைப்பாவது வர வேண்டும். வராவிட்டால் பிரிட்டனின் எலைட் லீக்கைப் பாருங்கள். அங்கே சில அணிகள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, ஆடிக்கொண்டே முதுகலை படிக்க வழி செய்து கொடுக்கின்றன. பொருளாதாரம் படித்தவனுக்கு அது நல்ல பாதை. அணியில் சேர்ந்துவிட்டால், வீரர்கள் சங்கமான பிஹெச்பிஏ நடத்தும் தொழில் வழிகாட்டுத் திட்டத்தையும் முதல் வருடமே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

விசாவில் அசட்டையாக இருக்காதீர்கள். கனடியக் குடியுரிமை இருந்தாலும் அமெரிக்க அணியில் சம்பளத்துக்கு ஆட, விளையாட்டு வீரர்களுக்கான P-1 விசா போன்ற அனுமதி தேவை. மாணவர் விசாவை நம்பிப் போகக் கூடாது. விண்ணப்பிக்க வேண்டியது அணி. யார் எப்போது விண்ணப்பிக்கிறார்கள், முகாமில் காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கட்டும். தலையில் அடிபடுவது இந்த ஆட்டத்தில் அபூர்வம் இல்லை.

அப்புறம் அந்த வங்கி வேலை. இன்னும் மறுத்துவிடவில்லை என்றால் மறுக்க வேண்டாம். இந்த வாரமே வங்கியின் மனிதவளப் பிரிவுக்கு மகன் கடிதம் எழுதட்டும்: அக்டோபரில் தொழில்முறை முகாம் இருக்கிறது, முடிவு தெரிய அந்த மாதக் கடைசி ஆகும், சேரும் தேதியை ஜனவரிக்குத் தள்ள முடியுமா என்று நேரடியாகக் கேட்கட்டும். கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காமல் அவனே எழுதுவது நல்லது. அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி வந்தால் பார்த்துச் சொல்கிறேன்.