பிளாஸ்மிட்டின் கணக்கு எங்கே இருக்கிறது?

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியா செல்லில் பிபிஆர்322 பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இரட்டிக்கும் வட்ட டி.என்.ஏ.) 15-20 நகல்களோடு நின்றுவிடுகிறது. பியூசி19 பிளாஸ்மிட் மட்டும் நூற்றுக்கணக்கில் பெருகுவது ஏன்?

பதில்: இரண்டுமே கோல்இ1 வகைத் தொடக்கப்புள்ளி (இரட்டிப்பு தொடங்கும் இடம்) கொண்டவை. அந்தப் புள்ளிக்கு 555 கார இணைகள் முன்பிருந்து ஆர்.என்.ஏ.-2 உருவாகிறது. அது டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டதும் ஆர்.என்.ஏஸ்-எச் நொதி அதை வெட்டும். வெட்டுப்பட்ட முனையிலிருந்து, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியான டி.என்.ஏ. பாலிமரேஸ்-1 புதிய இழையைத் தொடங்கும்.

அதே பகுதியின் எதிர் இழையிலிருந்து 108 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ.-1 வருகிறது. அது ஆர்.என்.ஏ.-2இன் மீது படிந்து மடிப்பைக் கெடுத்தால் இரட்டிப்பு நடக்காது. நகல்கள் கூடக் கூட ஆர்.என்.ஏ.-1 கூடும், தடையும் இறுகும். ஆர்.என்.ஏ.-1 சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. நீண்ட நேரம் தங்கினால், செல் பிரிந்து நகல்கள் குறைந்த பிறகும் பழைய தடை நீங்காது.

ராப் என்ற 63 அமினோ அமிலப் புரதம் இந்த இரு ஆர்.என்.ஏ.க்களின் பிணைப்பை உறுதியாக்குகிறது. பியூசியில் ராப் மரபணு இல்லை, ஆர்.என்.ஏ.-2 பகுதியில் ஓர் எழுத்தும் மாறியிருக்கிறது. அதனால் தடை தளர்ந்து நகல்கள் பெருகுகின்றன. அந்த மாற்றத்தின் விளைவு வெப்பநிலையைப் பொறுத்தது. 37 டிகிரியில் அள்ளித் தரும் பியூசி, 30 டிகிரியில் வெகுவாகக் குறைந்துவிடும். மகசூல் விழுந்தால் முதலில் இன்குபேட்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஒன்று ஆம்பிசிலின், மற்றது கனாமைசின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்துக்கு எதிர்ப்புள்ள இரு பிளாஸ்மிட்களை ஒரே செல்லில் வைத்தேன். இரண்டுக்கும் கோல்இ1 தொடக்கப்புள்ளிதான். ஒன்று மறைந்துவிடுகிறதே?

பதில்: ஒன்றின் ஆர்.என்.ஏ.-1 மற்றதையும் தடுக்கும். செல்லுக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. ஒன்று தற்செயலாகக் குறைந்தாலும் அதை மீட்கத் தனி வழியில்லை. இரு மருந்துகளையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் தங்கலாம். ஆனால் விகிதம் காலனிக்குக் காலனி மாறும், அதை நம்பிப் புரத அளவுகளை ஒப்பிடாதீர்கள். இரண்டாவதில் உள்ள மரபணுவை, பி15ஏ என்ற வேறு தொடக்கப்புள்ளி கொண்ட பிஏசிஒய்சி184 பிளாஸ்மிட்டில் வையுங்கள். 10-12 நகல் கிடைக்கும், மோதலும் வராது.

கேள்வி: புரதத் தயாரிப்பை நிறுத்தும் குளோராம்பெனிகால் மருந்தைப் போட்டு நகல்களைப் பெருக்கலாமா?

பதில்: பிபிஆர்322இல் மில்லிலிட்டருக்கு 170 மைக்ரோகிராம் போட்டால் பெருகும். புதுப் புரதம் தயாராவது நின்றாலும், ஏற்கெனவே இருக்கும் பாலிமரேஸ்-1 வேலையைத் தொடரும். பிஎஸ்சி101 போன்ற பிளாஸ்மிட்களுக்கு ஒவ்வொரு முறை இரட்டிக்கவும் புதிதாகத் தயாராகும் ரெப்ஏ புரதம் தேவை, அங்கே பலிக்காது. பிஏசிஒய்சி184இலோ குளோராம்பெனிகால் எதிர்ப்பு மரபணுவே இருப்பதால், மருந்து செயலிழந்துவிடும்.