கேரி ஆன் வரிசையில் ‘அட் யுவர் கன்வீனியன்ஸ்’ ஓடாத படமாமே, தாண்டிப் போய்விடலாமா?

தாண்டாதீர்கள்.

கேரி ஆன் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், 1971-இல் வந்த ‘கேரி ஆன் அட் யுவர் கன்வீனியன்ஸ்’ தோல்விப் படம் என்கிறார்கள், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் படத்தை ஐந்தாறு தடவை பார்த்திருப்பேன். பாதிப் படம் எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதியில் ஒரு வீட்டு வாசல் காட்சி இருக்கிறது. அது மாதிரி ஒன்றை அந்த முப்பத்தொரு படங்களில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இந்த வரிசை பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது பிரிட்டிஷ் நகைச்சுவைப் பட வரிசை, 1958-இல் ‘கேரி ஆன் சார்ஜென்ட்’ என்ற படத்தோடு தொடங்கியது. பீட்டர் ரோஜர்ஸ் தயாரிப்பு, ஜெரால்ட் தாமஸ் இயக்கம், பைன்வுட் ஸ்டுடியோ. இருபது வருடத்தில் முப்பது படம், பிறகு 1992-இல் இன்னொன்று. குறைந்த செலவு, ஆறேழு வாரப் படப்பிடிப்பு, திரும்பத் திரும்ப அதே நடிகர்கள், இரட்டை அர்த்த வசனம். நாம் பேசுவது இருபத்திரண்டாவது படம். எழுதியவர் டால்பட் ராத்வெல். இந்த வரிசையில் இருபது படம் எழுதிய கை அது.

கதை ஒரு தொழிற்சாலையில் நடக்கிறது. கழிப்பறைப் பீங்கான் செய்யும் டபிள்யூ. சி. பாக்ஸ் அண்ட் சன். பெயரிலேயே சிரிப்பு ஆரம்பித்துவிடும். டபிள்யூ.சி. எல்லோருக்கும் தெரியும், ‘பாக்’ என்பது அங்கே கழிப்பறைக்குக் கொச்சைச் சொல். தலைப்பும் அதே வேலைதான். ‘உங்கள் வசதிப்படி’ என்று கடிதத்தில் எழுதும் மரியாதைத் தொடர் அது, பொதுக் கழிப்பிடத்துக்கும் அங்கே ‘கன்வீனியன்ஸ்’ என்றே பெயர். நாமும் ‘கழிப்பிட வசதி’ என்று போர்டு வைக்கிறோம், அதனால் நமக்கும் பாதியாவது எட்டும்.

முதலாளி பாக்ஸாகக் கென்னத் வில்லியம்ஸ். மகன் லூயிஸாக ரிச்சர்ட் ஓ’கலகன். நிஜத்தில் இருவருக்கும் பதினான்கு வயதுதான் வித்தியாசம். வில்லியம்ஸ் தன் விறைத்த முகத்தையும் குரலையும் வைத்துக்கொண்டே அப்பா மகன் என்று நம்பவைத்துவிடுகிறார். ஃபோர்மேன் சிட் பிளம்மராக சிட் ஜேம்ஸ். அவர் மனைவி பீட்டியாக ஹாட்டி ஜாக்ஸ். மகள் மர்ட்டில் அதே தொழிற்சாலையின் கேண்டீனில் வேலை பார்க்கிறாள். சிட்டின் பக்கத்து வீட்டில் குளோயி, அவளும் அங்கேதான் வேலை. அந்த வேடத்தில் ஜோன் சிம்ஸ்.

கம்பெனி கடனில் தத்தளிக்கிறது. டிசைனர் சார்ல்ஸ் கூட் ஒரு பிடே வரைந்து கொண்டுவருகிறார். பிடே என்றால் கழிப்பறையில் கழுவிக்கொள்வதற்கென்றே வைக்கும் பீங்கான் தொட்டி. பெரிய பாக்ஸுக்கு அது அருவருப்பான சாமான், தன் கம்பெனி பெயரில் வெளிவரவே கூடாது. தண்ணீர் இல்லாமல் கழிப்பறையை யோசித்துக்கூடப் பார்க்காத நமக்கு, அந்த மனிதர் படும் சங்கடம் இரண்டு மடங்கு சிரிப்பு. மகன் வெளிநாட்டிலிருந்து பெரிய பிடே ஆர்டர் பிடித்துவருகிறான். அதை முடித்தால் கம்பெனி பிழைக்கும். முடிக்க விடாமல் நிற்பவன் தொழிற்சங்கப் பிரதிநிதி விக் ஸ்பானர்.

படம் சறுக்குவது இந்த ஸ்பானரிடம்தான். கென்னத் கோப் நல்ல நடிகர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்தில்தான் கோளாறு. ஸ்பானர் எதற்கெடுத்தாலும் வேலைநிறுத்தம் அறிவிக்கிறான். டீ நேரத்தில் ஒரு சின்னத் தகராறு வந்தால் வேலைநிறுத்தம், உள்ளூரில் கால்பந்து ஆட்டம் இருந்தால் அன்றைக்கும் வேலைநிறுத்தம். எல்லோரும் ஆடுமாடு போல அவன் பின்னால் வெளியே போகிறார்கள். இதே சிரிப்பு நாலைந்து தடவை திரும்பத் திரும்ப வருகிறது. முடிவில் அவனுடைய அம்மாவே மறியல் நடக்கும் வாசலுக்கு வந்து எல்லோர் முன்னாலும் அவனை அடிக்கிறாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பே வந்ததில்லை.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதை, இந்தப் படத்தை முதன்முதலில் யாரோடு பார்த்தேன் என்று சொன்னால்தான் சரியாக வரும். வேலைக்காக இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் போய் இறங்கிய முதல் வருடம் ஒரு பெரியவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். எழுபத்தைந்து வயதுக்கு மேலே. பனியன், காலுறை நெய்யும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அதில் சில வருடம் சங்கப் பிரதிநிதி. என்னை அந்த ஊர் வழக்கப்படி ‘மி டக்’ என்பார், நாம் ‘கண்ணு’ என்பது மாதிரி. தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொன்னார், எனக்கு நாக்கு வர ஆறு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐடிவி 3 சேனலில் கேரி ஆன் படம் போட்டால் கீழேயிருந்து குரல் கொடுப்பார். அவர் சிரித்தால் சோபாவே ஆடும்.

இந்தப் படம் வந்த அன்றைக்கு, தொழிற்சாலை வாசலில் ஸ்பானர் கையைத் தூக்கி எல்லோரையும் வெளியே கூப்பிட்டதும் எழுந்து அடுக்களைக்குப் போனார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், அடுத்த வேலைநிறுத்தக் காட்சிக்கும் எழுந்தார். இரண்டாவது டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். டீ நேரத்துக்காக எங்கள் ஆலையிலும் சண்டை போட்டிருக்கிறோம், பத்து நிமிடம் என்றால் மெஷின் பக்கம் நின்று காலை மடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய விஷயம் என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். இப்படி ஒருவன் எங்களிடம் இருந்திருந்தால் முதலாளிக்கு முன்னால் நாங்களே அவனைக் கீழே இறக்கியிருப்போம், கூட்டத்தில் கை தூக்கினால் முடிந்தது கதை.

ராத்வெல் கோட்டைவிட்டது அதைத்தான். கிறுக்குத்தனமான சங்கப் பிரதிநிதி சிரிப்புக்கு நல்ல பாத்திரம். 1959-இல் ‘ஐ’ம் ஆல் ரைட் ஜாக்’ படத்தில் பீட்டர் செல்லர்ஸ் அதைச் செய்து காட்டி ஊரே கொண்டாடியது. அந்தப் படம் முதலாளிகளையும் விட்டுவைக்கவில்லை, இரண்டு பக்கமும் சாத்தியது. இங்கே பெரிய பாக்ஸ் வெறும் அசட்டு மனிதர், மன்னித்துவிடலாம். குற்றம் முழுக்கத் தொழிலாளி தலையில்.

வெளிவந்த நேரமும் அப்படி. 1971 ஜனவரியிலிருந்து மார்ச் வரை தபால் ஊழியர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்து, கேட்டது கிடைக்காமல் திரும்பியிருந்தார்கள். பிரதமர் ஹீத்தின் அரசு தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் அதை எதிர்த்து லண்டனில் மாபெரும் ஊர்வலம். அடுத்த மாதம் பைன்வுட்டில் இந்தப் படப்பிடிப்பு தொடங்கியது. டிசம்பரில் படம் வந்தது. 1972 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலையை நிறுத்தினார்கள், 1926-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கேரி ஆன் படத்துக்கு டிக்கெட் எடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பங்கள்தான். பதிமூன்று வருடம் சோறு போட்டவர்களைப் பார்த்தே கைகொட்டிச் சிரித்தால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றுதானே அவர்களுக்குத் தோன்றும்? வரவில்லை. தயாரிப்பாளர் கையைக் கடித்த முதல் கேரி ஆன் படம் இது. போட்ட பணம் திரும்ப 1976 ஆனது, அதுவும் வெளிநாட்டு விற்பனையும் தொலைக்காட்சியும் சேர்ந்து.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பார்க்கச் சொல்கிறேன்?

முதலில் அந்தப் பறவை. நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிதான். பேர் ஜோயி. பீட்டி நாள் முழுக்க வீட்டு வேலையைப் போட்டுவிட்டு அதன் கூண்டுக்கு முன்னால் நின்று பேசவைக்கப் பார்க்கிறாள், அது வாயே திறக்காது. ஒருநாள் சிட் குதிரைப் பந்தயப் பட்டியலை உரக்கப் படிக்கும்போது ஒரு பெயருக்கு மட்டும் கீச்சென்கிறது. அந்தக் குதிரை ஜெயிக்கிறது. கிளி ஜோசியம் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சிட் ஜேம்ஸ் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திப் படித்து, கூண்டைப் பார்த்துக் காத்திருக்கும் அந்த முகம் இருக்கிறதே! அப்படி ஜெயித்த பணத்தில் ஆயிரம் பவுண்டைத்தான், வங்கி கைவிரித்த பிறகு, முதலாளிக்கே கடனாகக் கொடுக்கிறார். ஹாட்டி ஜாக்ஸ் மாதிரி ஒருவருக்கு இந்த வேடம் போதாது. ‘கேரி ஆன் கேபி’யில் இதே சிட் ஜேம்ஸுக்கு மனைவியாக வந்து எவ்வளவு சாதித்தார்! ஆனாலும் அந்தக் கூண்டோடு அவர் பேசும் பேச்சில் உண்மையான பிரியம் இருக்கிறது.

அப்புறம் பிரைட்டன். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் எல்லோரும் கோச் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போகும் உல்லாசப் பயணம். வேலைநிறுத்தம் செய்துகொண்டிருப்பவர்கள் அதற்கு மட்டும் ஒருவர் விடாமல் வந்துவிடுகிறார்கள். கோச் கிளம்பியதும் படத்துக்கே மூச்சு வருகிறது. படம் பிடித்தது கடலுக்குள் நீண்டு நிற்கும் நிஜமான பிரைட்டன் பேலஸ் பியரில். ஸ்டுடியோ சுவர்களுக்குள்ளேயே அடைந்து கிடந்த நடிகர்கள் கடல்காற்றில் நடக்கிறார்கள், அந்த விடுதலை முகத்தில் தெரிகிறது. குடி உள்ளே போகப் போக முதலாளி, தொழிலாளி, டிசைனர், செக்ரட்டரி எல்லாம் ஒரே கூட்டம். பெரிய பாக்ஸின் செக்ரட்டரி மிஸ் விதரிங் வெகுகாலமாக அவரை மனதுக்குள் வைத்திருப்பவர். பாட்ஸி ரோலண்ட்ஸ் அந்த வேடத்தை எவ்வளவு பரிவாகச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். திரும்பும் வழியில் ஒவ்வொரு பப் வாசலிலும் கோச் நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்டம் கூடுகிறது.

லெஸ்டர் பெரியவர் இந்தப் பகுதிக்கு எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் ஆலையில் ஸ்கெக்னஸ் கடற்கரைக்குப் போவார்களாம். கோச்சின் பின்பக்கம் பீர் பெட்டி ஏற்றுவது, போகும்போது ஒரு பாட்டு, வரும்போது யாருக்கும் வார்த்தை நினைவில்லாத அதே பாட்டு, இருட்டின பிறகு ஒருவர் தோளில் ஒருவர் தூங்குவது என்று விளம்பர இடைவேளை முழுக்க அதையே பேசினார். ஸ்பானர் வரும் இடங்களை எழுதிய அதே ஆளுக்கு இவர்களை இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் சொன்ன அந்தக் காட்சி இதற்குப் பிறகு வருகிறது. நள்ளிரவு. சிட்டும் குளோயியும் தங்கள் தெருவில் இறங்கி, பக்கத்துப் பக்கத்து வாசலில் நிற்கிறார்கள். அவள் கணவன் சேல்ஸ்மேன், வழக்கம் போல ஊரில் இல்லை. படம் முழுக்க இருவரும் கண்ணால் விளையாடிக்கொண்டே இருந்தவர்கள். உள்ளே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாமே என்கிறாள். சிட் ஜேம்ஸ் என்றால் அந்தக் கரகரத்த ‘யாக் யாக்’ சிரிப்புதான் ஞாபகம் வரும், வேறு எந்தப் படமாக இருந்தாலும் அந்தச் சிரிப்போடு உள்ளே நுழைந்திருப்பார். இங்கே நிற்கிறார். ஆசை இருக்கிறது, மறைக்கவும் இல்லை. நான் உள்ளே வந்தால் அக்கம்பக்கத்தார் தப்பாக நினைப்பார்கள் என்கிறார். நினைத்தால்தான் என்ன என்று கேட்டுவிடலாம், அவள் கேட்பதில்லை. அவளுக்கும் தெரியும். குட்நைட் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு கதவுக்குப் போகிறார்கள். ஜோன் சிம்ஸின் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள். இரட்டை அர்த்தத்துக்கென்றே பிறந்த ஒரு படவரிசையில், ஒரு கோப்பை டீயை டீ என்றும் சொல்ல முடியாமல் வேறொன்று என்றும் சொல்ல முடியாமல் இரண்டு நடுவயதுக்காரர்கள் தவிக்கும் அந்தக் காட்சியை யாரும் சிரிப்பதற்காக எடுக்கவில்லை.

தோல்வியால் ஒரு நன்மையும் நடந்தது. அடுத்து வந்த ‘மேட்ரன்’ பழைய ஆஸ்பத்திரிக் களத்துக்கே திரும்பியது. அதற்கடுத்த ‘அப்ராட்’, பிரைட்டன் பயணத்தை ஒரு முழுப் படமாக விரித்தது போலவே எனக்குத் தோன்றும். கூட்டமாக ஊர் போவது, குடித்து ஆடுவது, வேண்டாதவர்கள் ஒட்டிக்கொள்வது எல்லாம் அப்படியே. வேலைநிறுத்தம் மட்டும் இல்லை. அதைப் பிடித்தவர்களுக்கு இதன் பின்பாதி கட்டாயம் பிடிக்கும்.

ஆகவே வரிசையை உடைக்காமல் பாருங்கள். மறியல் காட்சி வரும்போது எழுந்துபோய் டீ போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. கோச் கிளம்புவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுங்கள்.