சமையல் கேள்வி–பதில்: கிறிஸ்துமஸ் மேசையில் வெண்ணெய்ப் பலகை

கேக் கேள்விகளுக்குப் போன இதழிலேயே பதில் சொல்லிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பலரும் பட்டர் போர்டு, அதாவது பலகையில் வெண்ணெயைப் பரப்பி எல்லோரும் ரொட்டியோடு எடுத்துச் சாப்பிடுகிற வெண்ணெய்ப் பலகை பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்க வெண்ணெய்க்கே.

அக்கா, ஃபோனில் பட்டர் போர்டு வீடியோக்கள் நிறையப் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். பலகையில் வெண்ணெயைத் தடவி, மேலே அழகாக ஏதாவது தூவினால் போதுமா? எவ்வளவு வெண்ணெய் வாங்கட்டும்?
– வாசகி, கோவை

தூவினால் போதாது தங்கச்சி. கலக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரஞ்சுத் தோல், பட்டை, மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றின் வாசனையும் கொழுப்பில் நன்றாக இறங்கும். வெண்ணெயில் கலந்து ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் அந்த வெண்ணெயின் ஒவ்வொரு துளியும் மணக்கும். மேலே தூவினால் அப்படி இறங்க நேரமே இல்லை. அதோடு, முதலில் வருகிற நாலு பேர் தூவியதை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் வருகிற பெரியம்மாவுக்கு வெறும் வெண்ணெய்தான் மிச்சம். நான் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் பெரிய விருந்துக்கு முந்தின இரவே வெண்ணெயைக் குழைத்து, பட்டர் பேப்பரில் உருட்டி வைத்துவிடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் பார்ஸ்லி இலையையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துக் குழைக்கும் வெண்ணெய் ரொம்பப் பழைய பழக்கம். பலகைதான் புதிது. அமெரிக்காவில் ஜஸ்டின் டோயிரான் என்ற பெண் 2022 செப்டம்பரில் போட்ட வீடியோவால் அது உலகம் முழுக்கப் பரவியது. போர்ட்லேண்ட் நகரத்துச் சமையல் கலைஞர் ஜோஷுவா மெக்ஃபேடனிடமிருந்து எடுத்த யோசனை அது என்று டோயிரானே சொல்லியிருக்கிறார்.

ஆளுக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 300 கிராம் போதும். அதை 100 கிராமாகப் பிரித்து மூன்று சுவை செய்யுங்கள். உப்பில்லாத வெண்ணெயாக வாங்குங்கள். உப்பை நாம் அளந்து போடலாம். 100 கிராமுக்குக் கால் தேக்கரண்டி பொடி உப்பு சரியாக இருக்கும். இனிப்பு வகைக்கு ஒரு சிட்டிகை போதும்.

முதலாவது ஆரஞ்சு. கமலா ஆரஞ்சு ஒன்றை வெந்நீரில் நன்றாகக் கழுவித் துடைத்து, மேல் தோலை மட்டும் துருவுங்கள். உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். அதோடு கால் தேக்கரண்டி பட்டைத்தூள், இரண்டு தேக்கரண்டி தேன். ஆரஞ்சுச் சாற்றை ஊற்ற வேண்டாம். கொஞ்சம் அதிகமானாலும் வெண்ணெயோடு ஒட்டாமல் தனியாக நிற்கும்.

இரண்டாவது பூண்டும் கறிவேப்பிலையும். ஆறேழு பூண்டுப் பற்களைத் தோலோடு கொஞ்சம் நெய்யில், சிறு தீயில், விரலால் அழுத்தினால் நசுங்கும் வரை வாட்டி உரித்து மசியுங்கள். ஒரு பிடி கறிவேப்பிலையை ஈரமில்லாமல் துடைத்து, மொறுமொறுப்பாக வறுத்து நொறுக்குங்கள். ஒன்றிரண்டாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. பச்சைப் பூண்டு வேண்டாம், நேரம் ஆக ஆக அதன் நெடி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: கருப்பட்டியும் சுக்கும். நல்ல உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி கருப்பட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துத் தேன் பதத்துக்குக் காய்ச்சி, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் வெண்ணெய் உருகிவிடும். ஆறிய பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடியுங்கள். கால் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை ஏலக்காய். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் வருகிற வாசனை இதுதான்.

மறுநாள் வெண்ணெய் இளகியதும் கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அலை அலையாக இழுத்துவிடுங்கள். உள்ளே எது இருக்கிறதோ அதையே கொஞ்சம் மேலேயும் வையுங்கள். ஆரஞ்சு வெண்ணெய் மேல் ஆரஞ்சுத் துருவல், பூண்டு வெண்ணெய் மேல் முழுக் கறிவேப்பிலை. எது என்ன என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. பண்டிகை நிறத்துக்கு மாதுளை முத்தும் பிஸ்தாவும் சிவப்பும் பச்சையுமாக அழகாக இருக்கும். மாதுளையைத் துணியில் ஒற்றி எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வெண்ணெய் மேல் சிவப்பாகக் கசியும்.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். ஏசி கிடையாது. டிசம்பரிலும் வெண்ணெய் ஒரு மணி நேரம்கூட நிற்காது போலிருக்கிறதே?
– வாசகி, சென்னை

பெரிய பலகையை விட்டுவிடுங்கள். வெண்ணெய் 18, 20 டிகிரியில் தடவ வாகாக இருக்கும். 25 டிகிரியைத் தாண்டினால் தொய்ய ஆரம்பிக்கும், 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். டிசம்பர் மாலை வெளியே இதமாக இருந்தாலும், பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் அறை அப்படி இருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூன்று நான்கு சின்னப் பீங்கான் தட்டுகளில் வெண்ணெயைப் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, அது தீரும் சமயம் அடுத்ததை எடுங்கள். சமையல் மேடை போட்டபோது மிஞ்சின கிரானைட் துண்டு வீட்டில் கிடந்தால், கழுவி ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்துத் தட்டுக்கு அடியில் கொடுங்கள். நன்றாகத் தாங்கும். சென்னைக் காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததும் வெண்ணெய் வியர்க்கும். அதனால் மேல் உப்பு, வறுத்த முந்திரி, நொறுக்கின கறிவேப்பிலை எதையும் முன்கூட்டியே போடாதீர்கள். மேசைக்கு வந்து ஐந்து நிமிடம் ஆனதும் மெல்லிய துணியால் ஒற்றிவிட்டு அப்போது போடுங்கள்.

எங்கே இருந்தாலும் ஒரு தட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். பூண்டு, பழம், இலை எல்லாம் சேர்ந்த வெண்ணெய், வெறும் வெண்ணெய் மாதிரி தாங்காது.

ஊத்துக்குளி வெண்ணெய் எங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆனால் வீடியோக்களில் எல்லாம் மஞ்சள் வெண்ணெய். வெள்ளை வெண்ணெய் எடுபடுமா?
– வாசகர், ஈரோடு

தாராளமாக எடுபடும். உங்கள் ஊரில் இருந்துகொண்டு வேறு வெண்ணெய் தேட வேண்டாம் தம்பி. எருமைப் பால் வெண்ணெய் வெள்ளையாகத்தான் இருக்கும், அது குறை இல்லை. மாதுளை முத்தும் பிஸ்தாவும் வெள்ளை மேல் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஒரு வேலை மட்டும் கூடுதல். கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும், அதுதான் சீக்கிரம் புளிக்க வைக்கிறது. ஐஸ் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். தண்ணீர் தெளிவாக வந்தால் சரி. அப்புறம் பலகையில் வைத்து மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். பாக்கெட்டில் வரும் டேபிள் பட்டரில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. கையால் கடைந்ததில் தண்ணீர் எவ்வளவு என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர் போகாவிட்டால் தேனும் கருப்பட்டியும் ஒட்டாது.

இலேசான புளிப்பு இருந்தால் பூண்டு, மிளகு, பச்சை மிளகாய் வகைக்கு அருமையாகப் பொருந்தும். இனிப்பு வகைக்கு அன்றன்று கடைந்ததையே வாங்குங்கள்.

அக்கா, என்ரை கணவரின் வேலையிடத்து ஆக்கள் கிறிஸ்துமஸுக்கு வருகினம். உறைப்பு அதிகம் கூடாது, ஆனால் எங்கட ருசி இருக்க வேணும். இங்கே வெண்ணெய் கல்லு மாதிரி இருக்கிறது, மைக்ரோவேவில் வைக்கலாமா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

மைக்ரோவேவ் வேண்டாம். நடுவில் உருகி, ஓரத்தில் கல்லாக நிற்கும். ஒருதரம் உருகிய வெண்ணெய் திரும்ப இறுகினாலும் பழைய வழுவழுப்பு வராது, மணல் மாதிரி நெருடும். சின்னத் துண்டுகளாக வெட்டி, ஹீட்டர் ஓடும் அறையில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. அந்தப் பதம்.

ருசிக்கு உங்களிடமே நல்ல பொருட்கள் இருக்கின்றனவே. இலங்கைக் கறுவா மற்றப் பட்டைகளை விட மென்மையானது, இனிமையானது. கோவை வாசகிக்குச் சொன்ன ஆரஞ்சு வெண்ணெயை அந்தக் கறுவாவில் செய்யுங்கள். கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) கிடைத்தால் உள்ளே கலக்க வேண்டாம், இளகிவிடும். பரிமாறும்போது அலைகளுக்கு நடுவில் நூலாக ஊற்றுங்கள், மேலே வறுத்த முந்திரி. கலக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற நானே இதற்கு மட்டும் விதிவிலக்குத் தருகிறேன், அந்தப் பாணியின் புகை வாசம் தனியாகத் தெரிய வேண்டும். பூண்டு–கறிவேப்பிலை வெண்ணெயில் மிளகைப் பாதியாக்குங்கள்.

தொட்டுக்கொள்ள, தமிழ்க் கடையில் சூடான றோஸ் பாண் (இலங்கை ரொட்டி) வாங்கி வையுங்கள். வந்தவர்கள் அதைத்தான் அடுத்த வருடமும் கேட்பார்கள்.

என் பேத்தி இதைச் செய்யப்போகிறேன் என்கிறாள். ஒரே பலகையில் எல்லோரும் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவதா? எச்சில் இல்லையா? அவளிடம் என்ன சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். கடித்த ரொட்டியை மறுபடி பலகையில் தேய்ப்பது எனக்கும் சம்மதமில்லை. உடம்பு முடியாதவர்கள், குழந்தைகள் வருகிற வீட்டில் அது கூடவே கூடாது. பேத்தியைச் செய்ய விடுங்கள், ஆனால் இரண்டு ஏற்பாடு கேளுங்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சுவைக்கும் ஒரு மழுங்கின கத்தியோ கரண்டியோ இருக்கட்டும். ஆளுக்கு ஒரு சின்னத் தட்டும் இருக்கட்டும். எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு பிறகு தொட்டுக்கொள்ளலாம். பரிமாறுகிற முதல் ஆள் அப்படி எடுத்தால் மற்றவர்களும் அப்படியே எடுப்பார்கள், அந்த முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

தேன் கலந்த வெண்ணெயை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில்கூடத் தடவ வேண்டாம் என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பலகை நல்லது? மேலே பூ வைக்கிறார்களே, தோட்டத்துப் பூவை வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

காய் நறுக்கும் பலகை வேண்டாம். கத்திக் கீறல்களில் வெங்காயமும் மீனும் ஊறியிருக்கும், வெண்ணெய் அந்த வாசனையை உடனே வாங்கிக்கொள்ளும். இதற்கென்று ஒரு பலகை இருந்தாலும் மேலே பட்டர் பேப்பர் விரித்துப் பரப்புங்கள். பளிங்கு, பீங்கான், கண்ணாடி இன்னும் நல்லது, கழுவுவதும் சுலபம்.

பூ விஷயத்தில் மிகவும் கவனம். அரளி நிறமாக இருக்கிறது என்று வைத்துவிடாதீர்கள், அது விஷம். பூக்கடைப் பூ எதுவும் வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். மருந்து அடிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜா இதழ், துளசிக் கொழுந்து, புதினா இவை போதும்.

இதோடு சாப்பிட என்ன வைப்பது? செலவு அதிகம் ஆகாமல் சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

பன் பட்டர் ஜாம் தின்று வளர்ந்த ஊர், நீங்கள் கேட்கலாமா! பேக்கரி பன்னை விரல் கனத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் வாட்டுங்கள். ஆரஞ்சுக்கும் கருப்பட்டிக்கும் அதைவிடப் பொருத்தம் இல்லை. பூண்டு வெண்ணெய்க்கு உப்பு பிஸ்கட்டும், மெலிதாக வட்டமாக வெட்டின வெள்ளை முள்ளங்கியும். முள்ளங்கிக்கு வெண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிடுவது பிரான்ஸில் சாதாரண விஷயம். ஒருதரம் சாப்பிட்டுப் பாருங்கள்.

மார்ஜரின் வைத்துச் செய்யலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். இந்தப் பலகையில் வெண்ணெயின் ருசிதான் சாப்பாடே. வாங்க முடிகிற அளவு கொஞ்சமாக வாங்கி, ஒரே ஒரு சுவை செய்யுங்கள்.

மிஞ்சினதை என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

மேசைக்கு வந்து இரண்டு மணி நேரம் தாண்டினதைத் தூக்கிப் போடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜை விட்டு வராத வெண்ணெயைப் பட்டர் பேப்பரில் உருளையாகச் சுற்றி, மேலே பெயர் எழுதி வையுங்கள். பூண்டு சேர்ந்ததை மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே ஃப்ரீசருக்குப் போக வேண்டும். இனிப்பு வகைகள் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். பூண்டு வெண்ணெயில் ஒரு துண்டை வறுத்த மீன் மேல், அடுப்பிலிருந்து இறக்கின உடனே வையுங்கள். கருப்பட்டி வெண்ணெயைச் சூடான ஆப்பத்தின் நடுவில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.