கேள்வி-பதில்: பழைய ரேமோடு புது ரேம் சேருமா?

கே: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம், டிடிஆர்4 (நான்காம் தலைமுறை), 2133 வேகம். இப்போது 8 ஜிபி, 3200 வேகம், வேறு கம்பெனி ரேம் கிடைக்கிறது. கூடப் போடலாமா? (ராமநாதபுரம்)

ப: போடலாம், பெரும்பாலும் ஓடும். ஆனால் இரண்டுமே 2133 வேகத்தில்தான் ஓடும், 3200 என்பதற்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பல மதர்போர்டுகளில் உங்கள் 4-ம், புதுசில் ஒரு 4-ம் ஜோடி சேர்ந்து இரட்டை சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடும், மிச்சம் 4 ஒற்றையாக நிற்கும். ஆதார் பிரிண்ட் எடுக்கிற கடைக்கு மொத்தம் 12 ஜிபி இருப்பதே பெரிய விஷயம். எந்த ஸ்லாட்டில் போடுவது என்று போர்டோடு வந்த புத்தகத்தில் இருக்கும், அதை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கே: தள்ளுபடியில் டிடிஆர்4 வாங்கிவிட்டேன். என் போர்டு டிடிஆர்3. கொஞ்சம் அழுத்தினால் உட்காருமா? (கீழக்கரை)

ப: உட்காராது, ஸ்லாட்தான் உடையும். டிடிஆர்3-ல் 240 பின், டிடிஆர்4-ல் 288, வோல்டேஜும் வேறு. இப்படி யாராவது அழுத்துவார்கள் என்றுதான் நடுவில் இருக்கிற வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்புங்கள்.

கே: வீடு கடலை ஒட்டி. இரண்டாவது ரேம் போட்டதிலிருந்து அடிக்கடி நீலத்திரை. போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (மண்டபம்)

ப: அவசரப்படாதீர்கள். உப்புக்காற்றில் சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்காது, ரேம் எம்மாத்திரம்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அடியில் இருக்கிற தங்க நிறப் பட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள். மங்கியோ கறுத்தோ இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு ரேமையும் தனியாகப் போட்டு, பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்கிற ரேம் சோதிக்கும் மென்பொருளை ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. தனித்தனியாக ஓடி, சேர்த்தால் மட்டும் மக்கர் செய்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பியை அணைத்து, வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். போர்டுக்குக் காசு கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கே: 8 ஜிபி போட்டும் 3.2 ஜிபிதான் பயன்படும் என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (தொண்டி)

ப: இல்லை. உங்களுடையது 32 பிட் விண்டோஸ், அதற்கு இவ்வளவுதான் எட்டும். 64 பிட் போடுங்கள்.

கே: மகள் படிப்புக்காகப் புதுசு என்று சொல்லி இரண்டு 8 ஜிபி விற்றார்கள். ஒன்றில் லேபிள் சுரண்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் போட்டால் பீப் சத்தம்தான் வருகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறதாம். (தங்கச்சிமடம்)

ப: அம்மா, அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளட்டும், சட்டம் அச்சகத்தில் மாறாது. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். அசையாவிட்டால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

லேபிளைச் சுரண்டுவதற்குக் காரணம் இருக்கும். நானே ஒரு தடவை பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று இரண்டு 16 ஜிபி வாங்கினேன். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. லேபிளில் 'பிசி4-2400டி-ஆர்' என்று இருந்ததை அப்புறம்தான் படித்தேன். அந்த ஆர் இருந்தால் சர்வரில் போடுகிற ரேம், சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. யூ என்றிருந்தால்தான் நமக்கு, எஸ் என்றால் லேப்டாப்புக்கு. இரண்டும் இன்னும் என் மேஜையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன.

கே: எந்தக் கம்பெனி ரேம் நல்லது? (பரமக்குடி)

ப: ஏற்கனவே உள்ளே இருப்பது எதுவோ, அதே கம்பெனி, லேபிளில் அதே பார்ட் நம்பர். கிடைக்காவிட்டால் பழசை விற்றுவிட்டு ஒரே டப்பாவில் ஜோடியாக வருவதை வாங்குங்கள்.

கே: பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள், சரி என்றேன். ரேம் ஒரே மாதத்தில் போய்விட்டது. வாரண்டி கிடைக்குமா? (தேவிபட்டினம்)

ப: எவ்வளவு மிச்சம் ஆச்சு? சீரியல் நம்பரை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் பில் கேட்டால் என்னிடம் வராதீர்கள்.