‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: காட்பாடியிலிருந்து இரண்டு குடும்பமாக ஏலகிரிக்குப் போய் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கினோம். மாடியில் எங்களுக்கு இரண்டு அறை, கீழே வேறு ஒரு குழு. சமையலறையும் கூடமும் பொது. இரவு எல்லாரும் வெளியே தோட்டத்தில் இருந்தபோது அறையில் வைத்திருந்த என் கைப்பை போய்விட்டது. அதில் செல்போன், ஏ.டி.எம். கார்டு, இரண்டரை சவரன் செயின் இருந்தன. பூட்டு உடைபடவில்லை. ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று போர்டு வைத்திருப்பதாக உரிமையாளர் சொல்கிறார். வீடு திரும்பி இரண்டு நாளாகிறது. இனி என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சிம்மை முடக்குங்கள், நகையைப் பிறகு பார்க்கலாம். போனும் ஏ.டி.எம். கார்டும் ஒரே பையில் போயிருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. திருடியவர் உங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அவருக்கு வரும். கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதித் தேதியும் கார்டிலேயே அச்சாகியிருக்கின்றன. யு.பி.ஐ. பின்னை மாற்றப் பல வங்கிகளில் இவ்வளவு போதும். ஆகவே சிம், அடுத்து கார்டு, பிறகு யு.பி.ஐ. என்ற வரிசையில் முடக்குங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது புகார். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். ஸ்டேஷனில், ‘எங்கேயாவது தவறியிருக்கும், காணவில்லைன்னு எழுதிக் கொடுங்க’ என்பார்கள். அப்படி எழுதினால் கையில் கிடைப்பது ஆவணம் தொலைந்ததற்கான சான்று மட்டும். விசாரணை நடக்காது, இன்சூரன்ஸ் இருந்தாலும் அதை வைத்துப் பணம் கேட்க முடியாது. பூட்டிய அறைக்குள் இருந்த பை தானாகத் தொலையாது. ‘திருடப்பட்டது’ என்றே எழுதுங்கள். மனிதர் தங்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 305-ஆம் பிரிவில் வரும். ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு.

ஏலகிரி 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் காட்பாடி ஸ்டேஷனில் ‘எங்க எல்லை இல்லை’ என்று சொல்லலாம். அது காரணமாகாது. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். ஆனாலும் சாட்சி, கேமரா, அறை எல்லாம் மலை மேல் இருக்கும்போது, ஜோலார்பேட்டைக்கு ரயிலேறி, அங்கிருந்து ஏலகிரிக்கு நேரில் போய் அந்த ஊர் ஸ்டேஷனிலேயே கொடுப்பது வேகமாக நகரும். முதலில் சி.எஸ்.ஆர். எனப்படும், புகார் வந்ததற்கான ரசீதுதான் தருவார்கள். அதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், புகார்தாரருக்கு அது இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

புகாரில் மூன்று நேரங்கள் இருக்க வேண்டும்: பையைக் கடைசியாகப் பார்த்தது, அறையைப் பூட்டியது, இல்லை என்று தெரிந்தது. ‘இரவு’ என்று பொதுவாக எழுதினால் கேமராப் பதிவில் தேட முடியாது. செயினுக்கு எடை 20 கிராம், பில், அதை அணிந்திருக்கும் ஒரு போட்டோ. அண்மையில் வாங்கியது என்றால் ஹால்மார்க்கோடு ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணையும் சேருங்கள். அடகுக் கடையில் நகை சிக்கினால் அது உங்களுடையது என்று காட்ட அந்த எண் உதவும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண், போன் வந்த பெட்டியில் இருக்கும். புகார் நகலை வைத்து மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்த எண்ணை முடக்கலாம். ஓ.டி.பி. வர அந்த டூப்ளிகேட் சிம் உதவும்.

உரிமையாளருக்கு இன்றே எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, இப்படி அனுப்புங்கள்: “இந்தத் தேதி மாலை 6 முதல் மறுநாள் காலை 10 வரையுள்ள கேமராப் பதிவு, தங்கியவர்களின் பதிவேடு, மாற்றுச் சாவி யார் யாரிடம் இருந்தது என்ற விவரம் ஆகியவற்றை அழிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.” கேமராப் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியது பதிவாகும். சின்ன இடங்களில் ஒரு வாரம் கூடத் தாங்காமல் போகலாம். அதன் கடிகாரமும் தவறாக ஓடலாம். போலீஸ் பார்க்கும்போது உங்கள் போன் நேரத்துக்கும் அதற்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பூட்டு உடையாதது உங்களுக்கு எதிரான விஷயமல்ல. மாற்றுச் சாவி, பக்கத்து அறைக்கான உள்கதவு, கண்ணாடிப் பட்டையைக் கழற்றக்கூடிய குளியலறை ஜன்னல் என்று வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றையும் புகாரில் சொல்லுங்கள். கீழே தங்கியவர்கள் மேல் சந்தேகம் இருந்தால் அதைப் போலீசிடம் மட்டும் சொல்லுங்கள். அவர்கள் படத்தை குரூப்பில் போட்டால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அந்த போர்டு விஷயம். ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், ‘உங்கள் பொறுப்பில் நிறுத்துங்கள்’ என்ற வாசகம் நிர்வாகத்தின் கவனக்குறைவை மறைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. ஆனால் அங்கே கார் ஒப்படைக்கப்பட்டது. நீங்கள் பையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஆகவே கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும்: ஆட்கள் மாறியும் பூட்டு மாற்றாதது, சாவிக்குக் கணக்கு இல்லாதது, கேமரா ஓடாதது. அப்படி ஏதாவது கிடைத்தால் நீங்கள் வசிக்கும் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அறைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் கட்டணம் கிடையாது. கவனக்குறைவுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் இதில் அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்த முறை போகும்போது வெளிக் கொண்டிக்கு உங்கள் சொந்தப் பூட்டு ஒன்று எடுத்துப் போங்கள். நகையை வீட்டிலேயே விடுங்கள்.