பூசையில் வரும் பராக்கு

அன்புள்ள ஃபாதர்,

நான் யாழ்ப்பாணத்தில் பாசையூர்ப் பக்கம். இவர் கடற்றொழில். பூசைக்குத் தவறாமல் போகிறேன், ஆனால் மனசு அங்கே நிற்பதில்லை. வாசகம் வாசிக்கும்போது சீட்டுக் காசு, பிரசங்கத்தில் பிள்ளையின் ரியூசன் காசு. நற்கருணை வாங்கிவந்து முழங்காலில் இருந்தால், றோலர் (இழுவைப் படகு) அறுத்த வலையை எதைக் கொண்டு மாற்றுவது என்ற யோசனை. கிழமை நாட்களில் காலைப் பூசைக்குப் போனால் இவர் இன்னும் கரைக்கு வந்திருக்கமாட்டார், அதனால் போனை மடியில் வைத்துக்கொண்டே இருப்பேன். தவக்காலத்தில் அம்மா பசாம் (ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் ஒப்பாரிப் பாட்டு) பாடும்போது அழுவா. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் குருவிடம் இதையேதான் பாவமாகச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

ஒரு வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

குறையவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

தானாக வருகிற பராக்கு, அதாவது செபத்தில் மனம் அலைவது, பாவமல்ல. செபிக்கிற எல்லோருக்கும் வழமையாக வருகிற கஷ்டம் என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதைச் சொல்கிறது. அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் அதன் பொறியிலேயே விழுவோம் என்றும் எச்சரிக்கிறது. செபத்துக்கே ஆசிரியை என்று திருச்சபை கொண்டாடுகிற அவிலா தெரேசம்மாள், செப நேரம் முடிகிற மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த காலம் தனக்கும் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆகவே இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதை இனி விடுங்கள்.

சரி, உங்களுக்கு வருகிற யோசனைகளைப் பாருங்கள். சீட்டு, பிள்ளையின் படிப்பு, வலை, கடலில் நிற்கிற மனுசன். இதில் எது உங்களுக்கென்று தனியாக நினைத்தது? எல்லாமே வீட்டுக்காக. கோயில் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரவேண்டியவை இவை என்று யாரோ எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இவைதான் நீங்கள் பீடத்துக்குக் கொண்டுவரவேண்டிய காணிக்கை.

காணிக்கை நேரத்தில் பீடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாட்டு நடக்கும், தட்டு வரும், பலர் சில்லறை தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் குரு அப்பத்தைக் கையில் எடுத்து, நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும் என்று சொல்லி ஒப்புக்கொடுக்கிறார். உழைப்பு என்றால் கடலும் வலையும் அடுப்படியும் எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. பிறகு இரசம் ஊற்றிய கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். எங்கள் மனிதத் தன்மையில் பங்குகொண்ட கிறிஸ்துவின் இறைத்தன்மையில் எங்களுக்கும் பங்கு கிடைக்கவேண்டும் என்று மெல்லிய குரலில் செபிப்பார். விட்ட தண்ணீரை இரசத்திலிருந்து பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அந்தச் சொட்டு விழுகிற நேரம் உங்கள் கவலைகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, பெயர் சொல்லிக் கொடுங்கள். "ஆண்டவரே, இந்தக் கிழமை சீட்டுக்குக் காசில்லை." இது காணும். அழகான சொற்கள் தேவையில்லை. இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று நேரடியாகக் கேட்கிற 13ஆம் திருப்பாடலும் வேதத்தில்தான் இருக்கிறது.

தொழிலாளி வீட்டுக்காரி என்பதால் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒருக்கால் எடுத்து வாசியுங்கள். பேதுருவும் மற்றவர்களும் இரவு முழுக்கக் கடலில் நின்றும் ஒரு மீனும் படவில்லை. விடியும்போது கரையிலிருந்து ஒருவர் வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். வலை நிறைந்துவிட்டது. 153 பெரிய மீன்கள் என்று எழுதியிருக்கிறது. யாரோ இருந்து எண்ணியிருக்கிறார்கள்! உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தப்படுத்தி நிற்கிறார், இவர்களிடம் மீன் கணக்கு இருக்கிறது. அதற்காக அவர் ஒருவரையும் ஏசவில்லை. பிடித்த மீனில் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார், சாப்பிட வாருங்கள் என்கிறார். அவ்வளவு மீன் பட்டும் வலை கிழியவில்லை என்பதையும் யோவான் மறக்காமல் எழுதுகிறார். அது எவ்வளவு பெரிய செய்தி என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

எங்கள் மண்ணில் விசுவாசம் பிழைத்ததே வீடுகளுக்குள்தான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், யோசேப்பு வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் கழுத்தில் செபமாலையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். சில்லாலை என்ற ஊரில் தங்கி, வீடுகளில் இரவிலே மறைவாகப் பூசை வைத்தார். அடுப்பும் நெல்லும் அழுகிற குழந்தையும் இருந்த வீடுகள் அவை. வெளியே ஆள் நடமாட்டம் கேட்கிறதா என்று ஒரு காது எப்போதும் வாசலில் இருந்திருக்கும். அந்தப் பூசைகளில் ஒன்றுகூடக் குறைந்த பூசை என்று நான் நம்பமாட்டேன்.

கண்ணீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அம்மாவுக்குக் கிடைத்த வரம். உங்களுக்கு வேறு வரம் கிடைத்திருக்கிறது: இவ்வளவு சுமையோடும் எழும்பிக் கோயிலுக்கு வருகிறீர்கள்.

வலை விஷயத்தைச் செபத்தோடு மட்டும் விட்டுவிடவேண்டாம். றோலர்கள் செய்கிற இழுவைமடித் தொழிலைத் தடை செய்து 2017இல் எங்கள் பாராளுமன்றம் சட்டம் போட்டது. சட்டம் இருந்தும் வலை அறுகிறது என்ற கோபம் நியாயமான கோபம். அதையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள், கடற்றொழிலாளர் சங்கத்திலும் சொல்லுங்கள். அறுந்த வலையைப் படம் எடுத்து, எந்த நாள், எந்த இடம் என்று குறித்து, இவரைக் கொண்டு முறைப்பாடு எழுதிக் கொடுப்பியுங்கள். எழுதத் தெரிந்த ஆள் தேவையென்றால் உங்கள் பங்குச் சுவாமியிடம் கேளுங்கள், வெட்கப்படவேண்டாம்.

போனைப் பற்றி. மடியில் இருக்கட்டும். சத்தத்தை மட்டும் நிற்பாட்டி வையுங்கள். அவர் கோல் எடுத்தால், குரு அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே போய்க் கதைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரக் குரு